நட்பு, சமம், பகை

உப்பாற்றுமுனையில் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் மூன்றே மூன்று சொற்கள். அவற்றைத் தேர்ந்தெடுத்தவர் கோமதிநாயகம். நல்ல மனிதர், நல்ல தமிழ். ஆனால் அன்றைக்கு அவருக்குப் பசி.

கரையரண் படை அந்தக் கடற்கரையில் முகாம் போட்டபோது, ஆங்கிலமும் தமிழும் பிழையில்லாமல் எழுதக்கூடிய ஆளைத் தேடியது. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, பகல் முழுக்க மனைவி ஆவுடையம்மாளின் பேச்சுக்கு ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்த கோமதிநாயகம், விளம்பரத்தைப் பார்த்த அன்றே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். முகாமுக்குப் பொறுப்பு மேஜர் சோமண்ணா. குடகுக்காரர். ஆங்கிலத்தில்தான் பேசுவார். ‘வணக்கம்’, ‘சாப்பாடு ஆச்சா’ என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஊரில் நல்ல பெயர் வாங்கியிருந்தார்.

முதல் வேலை ஒரு பேனர். ‘கரையோரக் குடிமக்களின் இதயக் குறிப் பதிவு’ என்று கோமதிநாயகம் எழுதிக் கொடுத்தார். அதன் பொருளைக் கேட்டுவிட்டு மேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

“இப்படி எழுதினால் யார் வருவார்கள்? ‘ஃப்ரீ’ என்பதற்கு உங்கள் பாஷையில் ஒரு சொல் உண்டல்லவா? அதைப் போடுங்கள்.”

ஆக, பேனர் ‘இலவச இதயப் பரிசோதனை முகாம்’ ஆயிற்று. ஊரே திரண்டு வந்தது. ஒவ்வொருவராக ஒரு கம்பத்துக்கு எதிரே நின்று மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான். ஊசி கிடையாது, சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை, போகும்போது கையில் ஒரு பன்னும் வாழைப்பழமும். மீன் ஏலம் விடும் ராஜக்கனி மட்டும், “மாத்திர ஒண்ணும் தர மாட்டியளா?” என்று கடைசிவரை சண்டை போட்டாள். இன்னொரு பன்னைக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

“கைரேகை எடுக்க ஆளின் கை வேண்டும். முகத்தைப் படிக்க வெளிச்சம் வேண்டும்,” என்று மேஜர் அன்று மாலை பெருமையாக விளக்கினார். “இதயத்துக்கு எதுவும் வேண்டாம், கோமதி. கம்பத்தில் இருக்கும் கண், தூரத்திலிருந்தே ஒரு கதிரை அனுப்பும். சட்டைக்கு மேலேயே நெஞ்சின் அதிர்வு அதற்குத் தெரியும். ஒருவர் துடிப்பைப் போல இன்னொருவருக்கு இருக்காது. இனி இந்த ஊரில் யார் எங்கே நின்றாலும் அது யார் என்று நமக்குத் தெரியும். முகத்தை மூடிக்கொள்ளலாம். நெஞ்சை எப்படி மூடுவது?”

“அற்புதம் சார்,” என்றார் கோமதிநாயகம். கோர்ட்டில் நீதிபதிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய அற்புதம் அது.

ஊர் முழுக்கக் கம்பங்கள் முளைத்தன. சில மாதம் கவனித்துவிட்டு யந்திரம் ஜனங்களை மூன்று வகையாகப் பிரித்தது. ஆங்கிலத்தில் இருந்த அந்த மூன்று வகைக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். ஆளுக்கொரு அட்டை கொடுக்கப் போகிறார்கள். அட்டையில் அதற்கென்று விட்டிருந்த கட்டமோ சுண்டுவிரல் நகம் அளவு. ‘தோழமையானவர்’ அதற்குள் நுழையவில்லை. ‘நடுநிலையாளர்’ பாதியில் வெட்டுப்பட்டார். கோமதிநாயகம் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசை மேல், மகள் வடிவுக்கு வந்திருந்த ஜாதகங்களோடு ஆவுடையம்மாள் விரித்துப் போட்டிருந்த பஞ்சாங்கம் கிடந்தது. எந்த கிரகத்துக்கு எது உறவு என்று சொல்லும் பக்கம். நட்பு, சமம், பகை. எல்லோருக்கும் தெரிந்த சொற்கள், கட்டத்துக்குள்ளும் கச்சிதமாக அடங்கும். அவற்றையே எழுதிவிட்டு, “சோத்தப் போடு” என்றார்.

எல்லோருக்கும் தெரிந்த சொற்கள் என்பதில்தான் வினை இருந்தது. அட்டைகள் வீடுவீடாகப் போனதும், பட்டாளத்துக்காரன் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணித்துக் கொடுத்திருக்கிறான் என்று ஊர் ஒரே மனதாக முடிவு செய்துவிட்டது.

கல்யாணத் தரகர் ஆறுமுகநயினார் முதலில் வந்து பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, நீங்க பெரிய காரியம்லா பண்ணியிருக்கிய! பொறந்த நேரத்த ஆஸ்பத்திரியில நர்சு தூக்கக் கலக்கத்துல எழுதுதா. அத வச்சு நாம கட்டம் போடுதோம். இது அப்படியா? நேரா நெஞ்சுல கைய வச்சுப் பாத்துருக்கான்! இனிமே என் பையில ஜாதகமே கெடயாது, அட்டைதான்.”

“நயினாரே, அது ஜாதகம் இல்ல வே. அது வந்து… பாதுகாப்பு விஷயம்.”

“ஜாதகமும் பாதுகாப்பு விஷயந்தான அண்ணாச்சி!”

பஞ்சாயத்துத் தலைவர் அட்டையோடு முகாம் வாசலுக்கே வந்துவிட்டார். அவருக்கு ‘நட்பு’தான் வந்திருந்தது, ஆனாலும் மனக்குறை. “பஞ்சாங்கத்துல ஆட்சி, உச்சம்னு ரெண்டு இருக்குல்லா? இத்தன வருசம் தலைவரா இருக்கேன், எனக்கு உச்சம் போடக் கூடாதா?” மேஜர், உச்சம் என்றால் என்ன என்று கேட்டார். கோமதிநாயகம் விளக்கத் தொடங்கி, பாதி வழியில் கைவிட்டார்.

‘பகை’ வந்த வீடுகளில் பரிகாரம் தொடங்கியது. சனிக்கிழமைதோறும் பெண்கள் கம்பத்தை ஒன்பது சுற்றுச் சுற்றி, கறுப்புத் துணியில் எள் முடிச்சுக் கட்டி விளக்குப் போட்டார்கள். கம்பத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, எலுமிச்சம்பழ மாலையும் சாத்தினார்கள். எள் விளக்கின் புகையில் யந்திரத்தின் கண் கரி பிடித்து, சனிக்கிழமைகளில் உப்பாற்றுமுனையில் யாருக்குமே இதயம் இல்லை என்று தலைமையகத்துக்கு அறிக்கை போயிற்று.

நயினாரோ வேகம் பிடித்துவிட்டார். செவ்வாய் தோஷக்காரருக்கு செவ்வாய் தோஷக்காரரையே கட்டி வைப்பதுபோல, பகைக்குப் பகை என்று ஜோடி சேர்த்தார். மேஜர் ஒருநாள் முகம் வெளுத்துப்போய்க் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டார்.

“பகைவர்கள் எல்லாம் இரண்டிரண்டு பேராக ஒரே வீட்டில் குடியேறுகிறார்கள். நேற்று இரவு முப்பது பகைவர்கள் ஒரு மண்டபத்தில் கூடியிருக்கிறார்கள். இது என்ன சதி?”

“முகூர்த்த நாள் சார். கல்யாணம்.”

மேஜர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அறிக்கையில் ‘உள்ளூர்ப் பழக்கம்’ என்று எழுதிக்கொண்டார்.

இத்தனையையும் கோமதிநாயகம் ரசிக்கத்தான் செய்தார். மாலையில் காப்பி குடித்துக்கொண்டே மனைவியிடமும் மகளிடமும் நடித்துக் காட்டுவார். வடிவு விழுந்து விழுந்து சிரிப்பாள். பக்கத்து ஊரில் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள் அவள். தினமும் முகாம் வாசலில் இருக்கும் நிறுத்தத்தில்தான் பஸ் ஏறுவாள். அதிகம் பேசாத பெண். சிரிக்கும்போது மட்டும் தாராளம்.

அவளுடைய அட்டை தாமதமாக வந்தது. பகை.

ஆவுடையம்மாள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “சங்கரன்கோவில் மாப்ள வீட்டுல அட்டைய அனுப்பச் சொல்லியிருக்காவ. இத எப்படிங்க அனுப்ப? ஊருக்கெல்லாம் நட்பு எழுதுனியளே, பெத்த மகளுக்குப் பகை எழுத ஒங்களுக்கு எப்படிக் கை வந்துச்சு?”

“நான் எங்கட்டி எழுதுனேன்? யந்திரம் எழுதுனது.”

“மூணு சொல்லையும் எழுதுனது நீங்கதான? நாளைக்குப் போயி மாத்திட்டு வாங்க. அந்த மேசருக்கு என்ன, ஒரு அட்டைதான.”

வடிவு, “விடும்மா. எனக்கு ஒண்ணும் அந்த மாப்ள வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுத் தலையைப் பின்னப் போய்விட்டாள். அவள் முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் மேஜரிடம் போய் நின்றபோதும், கோமதிநாயகம் அதை ஒரு கல்யாண விஷயமாகத்தான் நினைத்திருந்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மேஜர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“கோமதி, நீங்கள் நம் ஆள். அதனால் சொல்கிறேன். இந்தப் பட்டியல் எதற்கு என்று நீங்கள் கேட்டதே இல்லை.”

“அடையாளம் தெரிந்துகொள்ள என்று சொன்னீர்கள் சார்.”

“அடையாளம் தெரிந்து என்ன செய்வது? ஒருநாள் சண்டை வரும். வந்ததும் முதலில் தொடர்பு அறுந்துபோகும். அப்போது மேலே பறக்கும் யந்திரங்கள் எங்களிடம் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது, தாங்களாகவே முடிவெடுக்கும். நட்பு என்றால் விட்டுவிடும். சமம் என்றால் காத்திருக்கும். பகை என்றால்…” மேஜர் பேனாவை மூடினார். “பகை என்றால் காத்திருக்காது.”

கோமதிநாயகத்துக்குக் கம்பத்தைச் சுற்றி வந்த பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். எலுமிச்சம்பழ மாலை நினைவுக்கு வந்தது. தான் நடித்துக் காட்டியதும் மகள் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. இதை அவர் ஒருநாளும் கேட்கவில்லை என்பது உண்மைதான். சொல் கேட்டார்கள், சொல் கொடுத்தார்.

“என் பெண் என்ன சார் செய்தாள்?”

“யந்திரம் ஒன்றைத்தான் பார்க்கிறது. நம் ரோந்து ஜீப் கடக்கும்போது யாருடைய இதயம் எகிறுகிறது? எகிறினால் அச்சம், ஆத்திரம், ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. உங்கள் பெண்ணுக்கு நாள் தவறாமல் எகிறுகிறது. பாருங்கள்.”

திரையில் ஒரு கோடு ஓடியது. அமைதியாகப் போய்க்கொண்டே இருந்து, காலையில் ஜீப் கடக்கும் நேரத்தில் திடீரென்று துள்ளியது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

“வெள்ளிக்கிழமை பட்டியலைப் பூட்டி மேலே அனுப்பிவிடுவோம். அதற்குப் பிறகு என்னாலும் திருத்த முடியாது. தக்க காரணம் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.”

கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தார். ஒரு வழக்குக் கட்டைப் படிப்பதுபோலப் படித்தார். ஜீப் டயர் பஞ்சராகி வராத நாள் ஒன்று இருந்தது. அன்றும் கோடு துள்ளியிருந்தது. ஜீப் வந்தும் துள்ளாத நாள் ஒன்றும் இருந்தது. அந்தத் தேதியைப் பார்த்தார். அது எந்த நாள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் மாசானமுத்து கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்டான் என்று வேறொருவன் லாரியை எடுத்துவந்து, தெருவெல்லாம் தண்ணீரைக் கொட்டி, இவருடைய வேட்டியையும் நனைத்த நாள். மற்ற நாட்களில் ஜீப்புக்குப் பின்னாலேயே மாசானத்தின் லாரி வரும்.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் கூச்சம் பிடுங்கித் தின்றது. மகள் இருக்கும் அறைக்குள் தட்டாமல் நுழைந்துவிட்டதுபோல் இருந்தது.

“சார்,” என்றார். “இது ஜீப்புக்காக இல்லை. பின்னால் வரும் தண்ணீர் லாரிக்காக.”

“தண்ணீர் லாரி மீது அவளுக்கு என்ன பகை?”

“பகை இல்லை சார். காதல்.”

மேஜர் திரையைப் பார்த்தார், கோமதிநாயகத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “அதற்கு வகை இல்லையே,” என்றார் கவலையோடு. “மூன்றுதான் இருக்கிறது.”

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். நேரடிச் சோதனை. ஜீப்பைத் தனியாக விட வேண்டும், லாரியை வேறொரு டிரைவரோடு விட வேண்டும், கடைசியில் அந்தப் பையனை ஓட்ட வைத்து விட வேண்டும். மூன்றாவதற்கு மட்டும் துள்ளினால் போதும், கையெழுத்துப் போட்டு மாற்றிவிடுவார். ஒரே நிபந்தனை, பெண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் எல்லாவற்றுக்கும்தான் துள்ளும்.

வீட்டுக்கு வந்து அவர் மகளிடம் கேட்கத்தான் நினைத்தார். அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இவர் அடுப்படி வாசலில் நின்று, “தாயி” என்றார். “என்னப்பா?” என்றாள். “சட்னி இருக்கா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். எந்த அப்பாவால் முடியும்? ஆவுடையம்மாளிடம்தான் சொன்னார். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“மாசானமா? நல்ல பையன்தான். அவளுக்குத் தெரியாமச் செஞ்சிருங்க. கேட்டா இல்லன்னுதான் சொல்லுவா. மொதல்ல உசுரு இருக்கட்டும், கோவம் பொறவு ஆறிரும்.”

அப்படித்தான் முடிவாயிற்று. தவறு என்று கோமதிநாயகத்துக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

யாருக்கும் தெரியக் கூடாது என்பதால் ஆவுடையம்மாள் நயினார் வீட்டு அம்மாளிடம் மட்டும் சொன்னாள். புதன்கிழமை காலையில், பிறந்ததிலிருந்து பஸ் ஏறாதவர்கள்கூட நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் குடும்பத்தோடு வந்திருந்தார். ராஜக்கனி ஏலத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு வந்து, வெறுங்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். மேஜர் சாதாரண உடையில், தொப்பியை மட்டும் கழற்ற மறந்து, டீக்கடை பெஞ்சில் ஒரு பலகைக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார். வடிவின் கோடு துள்ளினால் தவறவிடாமல் இருக்கக் கம்பத்தில் ஒரு மணியையும் இணைத்திருந்தார்கள். கோமதிநாயகம் டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

வடிவு வந்தாள். கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். “என்ன மதினி, எங்க எல்லாரும்?” என்று ராஜக்கனியிடம் கேட்டாள்.

“நான் சும்மா காத்து வாங்க வந்தேன்ட்டி,” என்றாள் ராஜக்கனி.

ஜீப் போயிற்று. கம்பம் சும்மா இருந்தது. வேறொருவன் ஓட்டிய லாரி போயிற்று. கம்பம் சும்மாவே இருந்தது. ஆவுடையம்மாள் முந்தானைக்குள் திருநீற்றைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். பிறகு அந்த லாரியே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. இந்த முறை மாசானமுத்து ஓட்டிக்கொண்டு வந்தான். மாதா கோவில் மணியைவிடச் சத்தமாகக் கம்பம் அடித்தது.

“நட்பு! நட்பு!” என்று கத்தினார் நயினார். கூட்டம் கை தட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். மேஜர் எழுந்து நின்று அவரும் தட்டினார். மாசானம் பதறிப்போய் பிரேக் போட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

“என்ன அண்ணாச்சி? தண்ணி எதுவும் வேணுமா?”

ஊர் சிரித்த சிரிப்பில் கடல் சத்தமே கேட்கவில்லை. வடிவு மட்டும் சிரிக்கவில்லை. அவள் கம்பத்தைப் பார்த்தாள். மேஜர் கையில் இருந்த பலகையைப் பார்த்தாள். தட்டிக்குப் பின்னால், தலைகீழ்ச் செய்தித்தாளுக்கு மேலே தெரிந்த அப்பாவின் வழுக்கையைப் பார்த்தாள். பஸ் வந்தது. அவள் ஒருத்திதான் ஏறினாள்.

மேஜர் அன்றே கோப்பில் எழுதினார்: ‘எகிறலுக்குக் காரணம் காதல். நேரில் சரிபார்க்கப்பட்டது.’ முத்திரை குத்தி, புது அட்டையையும் கையோடு கொடுத்தார். மாலையில் மகள் வீட்டுக்கு வந்ததும் கோமதிநாயகம் அதை நீட்டினார். சண்டை வந்தால் என்ன நடக்கும் என்பதையும், பட்டியலை எதற்குப் பூட்டுகிறார்கள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள்.

“உசுர காப்பாத்தத்தான் செஞ்சிய. தெரியுதுப்பா,” என்றாள். “ஆனா எனக்கே நான் இன்னும் சொல்லிக்கல. அந்த லாரி வந்தா ஏதோ ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அது என்னன்னு பாக்கணும்னு நெனச்சிட்டு இருந்தேன். மெதுவாப் பாப்போம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க பட்டாளத்துக்குச் சொல்லிட்டிய.”

கோமதிநாயகம் அட்டையை மேசை மேல் வைத்தார். “நல்ல பையன்தான தாயி?” என்றார்.

“நல்ல பையன்தான்,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மறுநாள் நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் அதிகம். மணியை இன்னும் கழற்றவில்லை. லாரி வந்ததும் எல்லோரும் வடிவின் முகத்தையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாசானம் புதுச் சட்டை போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்திருந்தான். கம்பம் அடிக்கவில்லை. “வண்டிய இன்னொரு தடவ விடச் சொல்லுங்க,” என்று ஒரு குரல் கேட்டது. மாசானம் இறங்கி வந்து, எல்லோரும் பார்க்க அவள் எதிரே நின்றான். காது நுனி சிவந்திருந்தது.

“எனக்கு ஒண்ணுமே தெரியாது, சத்தியமா. ஊரே சிரிச்ச பொறவுதான் தெரியும்,” என்றான். “நாளையில இருந்து நான் மேலத் தெரு வழியா போறேன்னு கேட்டிருக்கேன். ஒங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுல்லா.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அப்போதும் கம்பம் அடிக்கவில்லை. அதைப் பார்த்து ராஜக்கனிக்குக்கூட முகம் விழுந்துவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு, “எல்லாரும் போங்க, வேல வெட்டி இல்லியா?” என்று கூட்டத்தை விரட்டினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மேஜர் கோமதிநாயகத்தை அறைக்கு அழைத்தார். மேசை மேல் லட்டுப் பெட்டி இருந்தது. பட்டியலைப் பூட்டும் நாள் என்பதால் வாங்கியிருந்தார்.

“உங்களுக்கு நான் ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன்,” என்று திரையை அவர் பக்கம் திருப்பினார். “சோதனைக்குப் பிறகு உங்கள் பெண்ணின் கோடு. பாருங்கள், ஜீப்புக்கும் இல்லை, லாரிக்கும் இல்லை. எதற்குமே இல்லை. அந்தப் பையன் நேரில் வந்து பேசியபோதுகூட இல்லை! இந்த ஊரிலேயே இவ்வளவு சுத்தமான கோடு வேறு யாருக்கும் கிடையாது. இனி அவளைப் பற்றிக் கவலையே வேண்டாம். லட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.”

கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. காலை, மதியம், மாலை, மறுபடி காலை. கோமதிநாயகம் அதன் முடிவுவரை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எங்காவது சின்னதாக ஒன்று இருக்காதா என்று தேடினார். தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றவளை அன்றே கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. கேட்டிருந்தால் அவள் இல்லை என்று சொல்லியிருப்பாள், முகம் சிவந்திருப்பாள், அதை இவர் பார்த்திருப்பார். இவருக்கு அழுகை வரும் என்று பயமாக இருந்தது. ஆனால் வந்தது அழுகை இல்லை.

வெளியே ரோந்து ஜீப் வாசலைக் கடந்து உள்ளே வந்து நின்றது. மேஜரின் திரையில் ஏதோ சிணுங்கியது. அவர் குனிந்து பார்த்தார். முகாம் ஊழியர்களையும் அந்த அறைக் கதவுக்கு மேலே இருக்கும் கண் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதில் இத்தனை நாளும் அசையாத ஒரு கோடு இப்போது கூரைவரை எகிறியிருந்தது. மேஜர் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“கோமதி! உங்களுடையது.” அவர் குரலில் நிஜமான பதற்றம் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். “பட்டியலைப் பூட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. காரணத்தைச் சொல்லுங்கள், நானே எழுதி மாற்றிவிடுகிறேன். வெயிலா? இரத்த அழுத்தமா? அட, நீங்களும் காதல் என்றுதான் சொல்லுங்களேன்!”

கோமதிநாயகம் லட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். மேஜரிடம் அவர் தமிழில் பேசியது அன்றுதான் முதல் தடவை.

“சரியாத்தான் காட்டுது. பகைதான். அப்படியே இருக்கட்டும்.”

“இதற்கு ஆங்கிலத்தில் என்ன அர்த்தம்?” என்று மேஜர் கேட்டார்.

கோமதிநாயகம் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.